வெயில் இருந்தும் விசிறி ஓடவில்லை

திருநகர் வீட்டு மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டு, கரண்ட் லைனோடு இணைத்தாகிவிட்டது. நாலைந்து பேர் விவரம் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் சிக்கல் எங்கள் பக்கம்தான். கரண்ட் சர்வீஸ் இன்னும் அப்பா பெயரில் இருந்தது. அவர் தவறி ஆறு வருஷம். பில் ஒழுங்காகக் கட்டியதால் யாரும் கேட்கவில்லை, நாங்களும் மாற்றவில்லை. வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தரும் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் விண்ணப்பிக்க சர்வீஸ் நம்பரைத் தட்டியதும் திரையில் அப்பா பெயர் வந்து நின்றது. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, உசிலம்பட்டி அக்காவின் சம்மதக் கையெழுத்து என்று பெயர் மாற்றத்துக்கே அலைச்சல். சோலார் போடும் எண்ணமிருந்தால் இதை முதலில் முடித்துவிடுங்கள்.

அப்புறம் வேகம்தான். பத்து கிலோவாட் வரை, லைனோடு இணைக்க முடியுமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வு வேண்டாம் என்று 2024இல் மத்திய விதியே மாறிவிட்டது. ஆறு பேனலும் ஒரே நாளில் ஏறின. எர்த் குழி மூன்று தோண்டத்தான் ஒன்றரை நாள்; இரண்டடியிலேயே பாறை.

பழைய மீட்டரைக் கழற்றி இருவழி மீட்டர் மாட்டினார்கள். லைனிலிருந்து எடுத்தது தனி, நாம் கொடுத்தது தனி என்று மாறி மாறிக் காட்டும். "இது நாம குடுத்ததாப்பா?" என்று அம்மா மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தார்.

இரண்டாவது வாரம், உச்சி வெயிலில் கரண்ட் போனது. விசிறியும் நின்றது! மாடியில் வெயில் கொளுத்துகிறது, வீட்டில் புழுக்கம். பேனல் போட்ட தம்பிக்குப் போன் அடித்தேன். "லைன் செத்தா நம்ம சோலார் இன்வெர்ட்டரும் நின்னுடணும் சார். இல்லேன்னா கம்பத்துல ஏறுற லைன்மேனுக்கு நம்ம வீட்டுக் கரண்ட் ஷாக் அடிக்கும்" என்றார். சரிதானே.

ஆரல்வாய்மொழியில் காற்றாலை வேலையிலிருக்கும் அக்கா மகனிடம் சொன்னேன். சிரித்தான். "எங்களுக்கு நேர்மாறு மாமா. வோல்டேஜ் ஒரு நொடி தொய்ஞ்சாலும் காத்தாடி லைன்லேர்ந்து கழண்டுக்காமத் தாங்கி நிக்கணும். எல்லாம் ஒண்ணாக் கழண்டா லைனே சரிஞ்சிடும்."

மானியம் 78,000 ரூபாய் கணக்குக்கு வந்துவிட்டது. சோலார்தான் வந்துவிட்டதே என்று, கரண்ட் போனால் கைகொடுக்கும் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை எடைக்குப் போட்டிருந்தேன். இப்போது புதுசுக்கு விலை விசாரிக்கிறேன்.