பிளந்த கண்ணாடியும் பொய்த் துளைகளும்: 1963 கார்வெட் மாடல், இதுவரை

1963 செவ்ரோலே கார்வெட் ஸ்டிங் ரே, அசலில் 25-இல் ஒரு பங்கு அளவு பிளாஸ்டிக் கிட். சேசிஸ் முடிந்தது, எஞ்சின் முடிந்தது, பாடி பிரைமர் வரை வந்திருக்கிறது. பின்கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்குமே, அந்தக் கூபேதான் (நிலையான கூரை வைத்த இரண்டு கதவு கார்).

பெட்டியில் வரும் தாள், எந்தத் துண்டை எங்கே ஒட்டுவது என்று சொல்லும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லாது. அதைத் தேடிப் படித்துக்கொண்டே கட்டுவதில்தான் எனக்குப் பாதிச் சுவை. இந்தக் காரில் ஒரு வேடிக்கை உண்டு: அடியில் இருப்பதெல்லாம் வேலை செய்கிற சாமான், மேலே கண்ணில் படுவதில் பாதி சும்மா அலங்காரம்.

முதலில் சேசிஸ். 1962 வரை வந்த கார்வெட்டில் சட்டத்தின் நடுவே எக்ஸ் வடிவ இரும்பு குறுக்காகப் போகும். சீட் அதற்கு மேலேதான் உட்காரும். 1963-இல் அதை எடுத்துவிட்டு ஏணிபோல ஐந்து குறுக்குச் சட்டங்கள் வைத்தார்கள். சீட் சட்டங்களுக்கு நடுவே இறங்கியது, காரும் தாழ்ந்தது. சக்கர இடைவெளி 102 அங்குலத்திலிருந்து 98 ஆனது. மாடலில் அது கிட்டத்தட்ட சரியாகப் பத்து சென்டிமீட்டர்.

பின் சஸ்பென்ஷனை ஒட்டும்போதுதான் கை நின்றது. லாரியில் லீஃப் ஸ்பிரிங் நீளவாக்கில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். இங்கே ஒரே ஒரு ஸ்பிரிங், ஒன்பது பட்டை, குறுக்காகக் கிடக்கிறது. நடுப்பகுதி டிஃபரன்ஷியலின் (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அடியில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. இரு முனைகளும் நீள போல்ட் வழியாகச் சக்கரங்களைத் தாங்கும் டிரெய்லிங் ஆர்ம் என்ற நீளக் கைகளைப் பிடிக்கின்றன. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஹாஃப் ஷாஃப்டே சஸ்பென்ஷனின் மேல் இணைப்பாகவும் வேலை செய்கிறது. ஜாகுவார் ஈ-டைப் 1961-லேயே ஷாஃப்டை இப்படிப் பயன்படுத்தியது, ஆனால் அதில் சுருள் ஸ்பிரிங். எஞ்சினியர் சோரா ஆர்கஸ்-டன்டோவ் குறுக்குப் பட்டையை வைத்துச் செலவையும் இடத்தையும் மிச்சம் பிடித்தார். பின்னால் பட்டை இரும்பிலிருந்து ஃபைபருக்கு மாறியது. குறுக்கே போடும் வழக்கம் மட்டும் 2019 வரை மாறவில்லை. இதில் நான் பட்டைகளுக்கு இடையே மெல்லிய கறுப்பு வாஷ் (தண்ணீராகக் கரைத்த பெயின்ட்) விட்டுத் துடைத்தேன். ஒன்பதும் தனித்தனியாகத் தெரிகிறது. முடிந்ததும் யாருக்கும் தெரியாத இடம்தான், இருக்கட்டும்.

எஞ்சின் 327 கன அங்குலம், அதாவது 5.4 லிட்டர் வி8. அந்த வருஷம் 250, 300, 340, 360 குதிரைத்திறன் என்று நாலு வகை. கிட்டில் வந்தது 360. கார்புரேட்டர் கிடையாது, ராச்செஸ்டர் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். எலெக்ட்ரானிக்ஸ் துளிகூட இல்லாத சமாச்சாரம் இது. உள்ளே போகும் காற்றின் வேகத்தால் உண்டாகும் வெற்றிடத்தை ஒரு டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) உணர்ந்து பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும். அதன் பம்ப்பைச் சுற்றுவது, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் ஒரு கேபிள். எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டருக்கும் அங்கிருந்தேதான் இன்னொரு கேபிள். மெல்லிய செப்புக் கம்பியில் இரண்டையும் செய்து சேர்த்தேன்.

ஸ்பார்க் பிளக் வயர்களில் மட்டும் எனக்கு வேலை மிச்சம். மாடல் கட்டுகிறவர்கள் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எட்டு வயரையும் இழுத்துக் காட்டாமல் விடமாட்டார்கள். ரேடியோ வைத்த கார்வெட்டில் அவை வெளியே தெரியவே தெரியாது. பாடி ஃபைபர் கிளாஸ் என்பதால் இக்னிஷன் கிளப்பும் இரைச்சலை அது தடுக்காது, நேராக ரேடியோவில் கேட்கும். அதனால் ரேடியோ வைத்த கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரை உலோக மூடியால் மறைத்து, வயர்களை எஞ்சினின் பின்பக்கமாகக் கீழே இறக்கி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) அடியில் கொண்டுபோனார்கள். குரோம் ஃபாயில் ஒட்டி ஒரு மூடி செய்து கவிழ்த்தேன், வேலை முடிந்தது.

பாடிதான் நேரத்தைத் தின்றது. ஸ்டிங் ரேயின் இடுப்பைச் சுற்றி ஒரு கூர்மையான மடிப்பு ஓடுகிறது. கிட்டில் அச்சுக்கோடு (அச்சின் இரு பாதிகள் சேருமிடத்தில் பிளாஸ்டிக்கில் விழும் கோடு) ஃபெண்டர் முகட்டிலேயே, அதாவது சக்கரத்துக்கு மேலுள்ள பாடியின் விளிம்பிலேயே, வந்து உட்கார்ந்திருக்கிறது. கோட்டைச் சுரண்டவேண்டும், ஆனால் முகடு மழுங்கக்கூடாது. பிளேடின் முதுகால் மெல்ல இழுத்து, கடைசியில் மட்டும் நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். கார்வெட் தயாரித்த செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையிலும் இதுதான் நடந்தது: அச்சில் அழுத்திய ஃபைபர் துண்டுகளைப் பசை வைத்து ஒட்டி, ஒட்டிய தடத்தை நிரப்பி, தேய்த்து, அப்புறம் பெயின்ட்.

இனி பொய்த் துளைகளுக்கு வருவோம். பானட்டில் இரண்டு கிரில் இருக்கின்றன, காற்று போகாது. முன் ஃபெண்டரில் இருக்கும் கீற்றுகளும் அப்படியே. கதவுக்குப் பின்னால் தூணில் இருக்கும் வென்ட்டும் அந்த வருஷம் பொய்தான். 1964-இல் பானட் கிரில்லை எடுத்துவிட்டு பள்ளத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். இடது தூண் வென்ட்டுக்கு உள்ளே ஃபேன் வைத்து நிஜமாக்கினார்கள். ஃபெண்டர் துளை நிஜமானது 1965-இல். கிட்டின் கிரில் துண்டுகளுக்குக் கறுப்பு வாஷ் அதிகம் விடவில்லை. ஆழமாகத் தெரிந்தால் அது தப்பு.

எல்லாவற்றிலும் பெரிய அலங்காரம் அந்தக் கண்ணாடி நடுத் தண்டு. 1930-களின் புகாட்டி அட்லாண்டிக்கின் முதுகிலும் இப்படி ஒரு கோடு உண்டு. அதன் முன்மாதிரிக்கு எடுத்த மக்னீசியக் கலவையை வெல்டிங் செய்ய முடியாது. ரிவெட் அடித்துச் சேர்த்த விளிம்பு அது. கார்வெட்டில் அப்படிக் காரணம் எதுவும் இல்லை. வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் வேண்டும் என்றார். பின்னால் வருகிற வண்டி தெரியாது என்று டன்டோவ் சண்டை போட்டார். 1963-இல் மிட்செல் ஜெயித்தார், அடுத்த வருஷம் தண்டு போய்விட்டது. 64-இன் ஒற்றைக் கண்ணாடியை வாங்கி, தண்டை அறுத்துவிட்டு மாட்டிக்கொண்ட சொந்தக்காரர்களும் உண்டு. அன்று வந்தது 10,594 கூபே. இன்று அறுக்காத கண்ணாடிக்குத்தான் விலை.

ஓட்டுகிறவர் பக்கம் நின்றால் டன்டோவ் சொன்னது சரி. மாடலின் உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தேன், பின்னால் சரியாக நடுவில் மறைக்கிறது. ஆனால் பானட் முகட்டிலிருந்து கூரை வழியாக வால் வரை ஓடும் கோடு, தண்டை எடுத்தால் அந்தரத்தில் நிற்கிறது. எனக்கு மிட்செல் கட்சிதான். டிக்கிக்கு மூடியே வைக்காமல், பெட்டியை சீட்டுக்குப் பின்னால் எக்கித் தள்ளு என்று சொன்ன காரில் ஒரு தண்டு பெரிய குறையா என்ன?

நிறம் செப்ரிங் சில்வர், அந்த வருஷம் கூடுதல் காசு கேட்ட நிறம். சில்வர் கீறலை மறைக்காது, அதனால் பிரைமரை இன்னொரு முறை தேய்க்கவேண்டும். கிட்டில் இரண்டு வகைச் சக்கரம் உண்டு. அழகானது அலுமினிய நாக்-ஆஃப், நடுவில் இருக்கும் ஒரே நட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றும் வகை. அசலில் அதன் வார்ப்பில் நுண்துளைகள் இருந்து காற்று கசிந்தது. 1963 காருடன் வாடிக்கையாளர் கைக்குப் போனது மிக அரிது. எனவே ஹப்கேப் வைத்த சாதாரண இரும்புச் சக்கரம்தான் போடுகிறேன். அலுமினியத்தை எடுத்துவைத்திருக்கிறேன், 64 கிட் கிடைத்தால் அதற்கு.