லீட்ஸில் தகடு தட்டுகிறேன்

நான் இங்கிலாந்தில் இருக்கும் லீட்ஸுக்கு வந்தது 2021 நவம்பரில். மனைவி நர்ஸ். இங்கே ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது, அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நான் வந்தேன். தாளில் எனக்குப் பெயர் ‘டிபெண்டன்ட்’. கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் 11 வருடம் கணக்கு எழுதியவனுக்கு அந்தச் சொல் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அவள் காலை ஆறரைக்குக் கிளம்பினால் திரும்ப இரவு ஒன்பதாகும். டிசம்பரில் இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மனுப் போட்ட இடத்திலெல்லாம் ‘உள்ளூர் அனுபவம் உண்டா?’ என்றார்கள். உள்ளூருக்கு வந்தே மூன்று வாரம், அனுபவத்துக்கு நான் எங்கே போக? வீட்டில் ஹீட்டர் போட்டால் காசு ஓடும். அதனால் பகலில் சும்மா போய் உட்காரக்கூடிய, கதகதப்பான இடமாகத் தேட ஆரம்பித்தேன். முதலில் நூலகம். அப்புறம் ராயல் ஆர்மரீஸ்.

லண்டன் கோபுரத்தில் இருந்த ஆயுதச் சேகரிப்பில் பெரும்பங்கை இங்கே கொண்டுவந்து 1996இல் திறந்த அருங்காட்சியகம் அது. ஏர் ஆற்றங்கரையில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. நான் உள்ளே போனதற்கு அதுதான் காரணம், சரித்திர ஆர்வம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

மேல் மாடியில் முதலில் என்னை நிறுத்தியது ஒரு யானை. தலையிலிருந்து விலா வரை சின்னச் சின்ன இரும்புத் தகடுகளைச் சங்கிலி வளையங்களில் கோத்துப் போர்த்திய யானை. 1600 வாக்கில் இந்தியாவில் செய்தது. இப்போது மிச்சமிருப்பதே 5,840 தகடு, 118 கிலோ. மெட்ராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி 1801இல் இதை இங்கிலாந்துக்கு எடுத்து வந்திருக்கிறார். நம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி வந்து குளிரில் நிற்கிற ஜீவன் என்று அதன்மேல் ஒரு பாசம் வந்தது.

ஆனால் நான் மறுபடி மறுபடி போனது இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் கவசத்தைப் பார்க்க. 1520இல் தரையில் நின்று சண்டை போடும் போட்டிக்காகச் செய்ய ஆரம்பித்து, போட்டியின் விதி மாறியதால் பாதியில் விட்டது. 235 துண்டு, 42 கிலோவுக்கு மேல். முழங்காலின் பின்பக்கம், இடுப்புக்குக் கீழே பின்புறம் என்று ஒரு ஊசி போக இடமில்லாமல் தகடு. ராஜாவின் தொப்பை, தொடை, கெண்டைக்கால் எல்லாம் அப்படியே தெரிகிறது. மற்றவர்கள் வாளையும் ஈட்டியையும் பார்ப்பார்கள். நான் தகடுகளை இணைக்கும் ரிவிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது அப்பாவிடமிருந்து வந்தது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் 34 வருடம் வேலை பார்த்தவர். சேஸ், அதாவது பஸ்ஸின் அடிச்சட்டம், மட்டும் அங்கே வந்து நிற்கும். கூடு, தகடு, சன்னல், படி எல்லாம் அதன்மேல் ஏறி, பஸ்ஸாக வெளியே போகும். அப்பா தகடு ஆள். முன்முகத்து வளைவுகளைச் சுத்தியலும் டாலியுமாக அடித்து எடுப்பார். டாலி என்பது கைக்கு அடக்கமான இரும்புக் கட்டி. தகட்டுக்குப் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்து தட்ட வேண்டும். அத்தனை வருடச் சத்தத்தில் அவருக்கு இடது காது போய்விட்டது, வலது காது பாதி. என்னை ஒருநாளும் பட்டறைக்குள் விட்டதில்லை. சாப்பாடு கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிக்கொள்வார். “உன்ற கை கருக்கக் கூடாது” என்பார். அந்த ஒரு வரிதான் என்னை பி.காம். வரை தள்ளியது.

அருங்காட்சியகத்தில் ஒருநாள் ஒரு பெரியவர் ஹென்றி கவசத்தின் முன் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்கு ஒட்ட, மேற்கையைச் சுற்றி வரும் தகடுகளைப் பென்சிலில் வரைந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ரிவிட் ஓட்டையை வட்டமாகப் போட்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அது நீள ஓட்டை. ரிவிட் அதற்குள் நகர்ந்தால்தான் கை மடங்கும்” என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார். ரப்பரால் அழித்துவிட்டு “டா, லவ்” என்றார்.

இதைச் சொல்ல வேண்டும். லீட்ஸ் இருக்கும் யார்க்‌ஷயரில் நன்றிக்குச் சுருக்கம் ‘டா’. முன்பின் தெரியாதவரையும், ஆம்பளையை ஆம்பளையே, ‘லவ்’ என்று கூப்பிடுவது இங்கே வழக்கம். முதல் வாரம் கடையில் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்ததற்கு ஒரு பாட்டியம்மா “டா, லவ்” என்றபோது, ‘டா’ போட்டதற்குக் கோபப்படுவதா, ‘லவ்’வுக்கு வெட்கப்படுவதா என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். பெரியவர் சொன்னபோது பழகியிருந்தது.

எழுபது தாண்டியவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் நாலைந்து பேர் அவர் வீட்டு காரேஜில் கூடிப் பழைய கவசங்களை மாதிரியாக வைத்து இரும்புத் தகட்டில் அடித்துச் செய்வார்கள் என்றார். விற்பதற்கா? இல்லை. அப்புறம் எதற்கு? அவர் அந்தக் கேள்வியைப் புரிந்துகொண்ட மாதிரியே தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்.

போனேன். ஒரு பல் வைத்தியர், ஒரு ரயில்வே இன்ஜினீயர், பல்கலைக்கழகத்தில் நூலகராக இருக்கும் ஒரு அம்மா. எல்லோரும் கை கருக்க உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. எங்கள் ஊரில் டிங்கர் வேலை பார்க்கிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இங்கே அதே வேலையைக் காசு செலவு பண்ணிச் செய்கிறார்கள், நடுவில் டீயும் பிஸ்கட்டும் வேறு. பெரியவரை நான் ‘சார்’ என்றேன். “முப்பது வருடம் வாண்டுகள் அப்படிக் கூப்பிட்டதே போதும், பெயரைச் சொல்” என்றார். அப்பா வயதுக்காரரைப் பெயர் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இன்றுவரை எதையும் சொல்லிக் கூப்பிடாமல், பக்கத்தில் போய்த் தொண்டையைக் கனைத்துச் சமாளிக்கிறேன்.

சுத்தியலைத் தருவதற்கு முன் அவர் என் கையில் கொடுத்தது காது மூடி. மஞ்சள் நிறம், ஹெட்போன் மாதிரி பெரியது. அது இல்லாமல் யாரும் ஒரு அடி அடிக்கக் கூடாது, அது அங்கே சட்டம். அதை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நின்றேன்.

ஆரம்பக்காரர்களுக்குத் தோள் கவசம். பிஸ்கட் டப்பா அட்டையில் முதலில் அளவு வெட்டி, தோளில் வைத்துப் பார்த்துத் திருத்தி, பிறகு தகட்டில் வரைய வேண்டும். தகடு சாதா மைல்டு ஸ்டீல், 16 கேஜ், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர். அந்தக் காலத்தில் இப்படி ஒரே கனத்தில் ஷீட் கிடையாது. இரும்புக் கட்டியைத் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடும் பெரிய சம்மட்டியால் அடித்துத் தகடாக்கினார்கள். அதனால் பழைய மார்புக் கவசத்தில் நடுவில் கனமாகவும், அடி விழாத பக்கவாட்டில் மெல்லிசாகவும் வைக்க முடிந்தது. மொத்த எடை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். போர்க்களத்துக்குப் போகும் முழுக் கவசம் பொதுவாக 20, 25 கிலோதான். பஞ்சு வைத்துத் தைத்த சட்டையில் கயிற்றால் ஆங்காங்கே கட்டித் தொங்கவிடுவதால் உடம்பு முழுக்கப் பரவிவிடும். போட்டுக்கொண்டு ஓடலாம், விழுந்தால் எழுந்திருக்கலாம். கிரேன் வைத்துக் குதிரை மேல் ஏற்றினார்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை.

காரேஜ் மூலையில் ஒரு மரக்கட்டை. அதன் தலையில் கிண்ணம் மாதிரி குடைந்திருக்கும். தகட்டை அதன்மேல் வைத்து உருண்டை முகச் சுத்தியலால் அடித்தால் குழி விழும். குழி விழ விழ ஓரம் கொசுவம் மாதிரி சுருங்கும். சுருக்கத்தை அப்போதைக்கப்போதே அடித்து அமுக்க வேண்டும், விட்டால் மடிந்து பிளந்துவிடும். முதல் துண்டு எனக்குப் பிளந்தது. இரண்டாவதும். வளைவு வந்த பிறகு உருண்டைத் தலை இரும்பின்மேல் வைத்து, பளபளப்பான சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டிப் பரு போக்க வேண்டும். அந்த உருண்டைத் தலை என்னவென்று பார்த்தால், காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டும் குண்டு. பக்கத்தில் பட்டடைக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு. கரூர்ப் பட்டறை வாசலில் கிடந்ததும் தண்டவாளத் துண்டுதான்.

வீட்டில் பழகலாமென்று ஒருநாள் சமையலறையில் மணல் மூட்டை மேல் தகட்டை வைத்துத் தட்டினேன். நாங்கள் இருக்கும் தெருவில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியவை. லீட்ஸில் இது சாதாரணம். மூன்று பக்கச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவர். நாலாவது அடியில் மூன்று வீட்டிலிருந்தும் சுவரைத் தட்டினார்கள். நைட் டியூட்டி முடித்துத் தூங்கிய மனைவி எழுந்து வந்து, “ஏனுங்க, கதவத் தட்டறாங்களா?” என்றாள். அதோடு சரி.

பாலீஷ் போட்ட தகட்டை இந்த ஊர் ஈரத்தில் வெறுமனே வைத்தால் மறுநாள் விரல் ரேகை அப்படியே துருவாக எழுந்து நிற்கும். நான் தேங்காய் எண்ணெய் பூசி வைத்தேன். குளிரில் அது உறைந்து, தோள் கவசம் வெண்ணெய் தடவிய பன் மாதிரி ஆனது. காரேஜே சிரித்தது. இப்போது மெழுகு போடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை வெளியாள் ஒருவர், கடையில் வாங்கிய தலைக்கவசம் ஒன்றைக் கொண்டுவந்தார். பல் வைத்தியர் அதை எடுத்துப் பார்த்து, “ஓ, இந்தியச் சரக்கு” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். காது வரை சிவந்துவிட்டார். இங்கே மலிவாக விற்கும் கவசங்களில் நிறைய டேராடூன், ரூர்க்கி, மொராதாபாத் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து வருகிறது. ‘இந்தியச் சரக்கு’ என்றால் பொருந்தாது, மெல்லிசு என்று இந்த வட்டத்தில் அர்த்தம். நான் கோபப்படவில்லை என்று சொன்னால் பொய். தலைக்கவசத்தை வாங்கி உள்பக்கம் திருப்பிக் காட்டினேன். வரிசையாக ரிவிட், ஒன்றுகூடச் சாயவில்லை. அடித்தவர் நல்ல கை. எல்லார் தலைக்கும் ஒரே அளவு, இந்த விலைக்குள், இத்தனை நாளில் என்று ஆர்டர் போட்டவர் யார்? ஏற்றுமதிக் கம்பெனியில் உட்கார்ந்து அந்த மாதிரி விலைப்பட்டியலை 11 வருடம் நானே டைப் அடித்திருக்கிறேன். எந்த வரியில் கூலி குறையும் என்று எனக்குத் தெரியும். இதைச் சொன்னபோது என் இங்கிலீஷ் திக்கவே இல்லை.

அடுத்த வருடம் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு வேலை கிடைத்தது. சனிக்கிழமை மட்டும் மாறவில்லை. ஒரு குளிர்காலத்தில் எல்லோரும் டௌட்டனுக்கு அழைத்துப் போனார்கள். லீட்ஸிலிருந்து காரில் அரை மணி நேரம். 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு, பனி கொட்டும்போது நடந்த பெரும் சண்டை. இன்று வெறும் வயல், ஒரு கல் சிலுவை, காது மடலை அறுக்கும் காற்று. 1996இல் அங்கே 30க்கும் மேற்பட்டவர்களை ஒன்றாகப் புதைத்த குழி கிடைத்தது. பெரும்பாலும் மண்டையில்தான் வெட்டு. தலைக்கவசம் அப்போது தலையில் இருந்திருக்காது என்கிறார்கள். டேக்கர் பிரபு என்பவர் தாகத்துக்குத் தலைக்கவசத்தைக் கழற்றியபோது அம்பு பாய்ந்து செத்தார் என்றும் ஒரு கதை உண்டு. நான் அப்போது செய்துகொண்டிருந்தது கழுத்துக் கவசம். குடிக்க வசதியாக இருக்கிறதா என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்த்தேன்.

அப்பாவிடம் ரொம்ப நாள் சொல்லவில்லை. ஒருநாள் வீடியோவில் என் நகக்கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். “படிக்க வெச்சு அனுப்புனா, அங்க போயி டிங்கர் வேலை பாக்கறயா சாமி?” என்றார். தோள் கவசத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஓரத்துல பரு இருக்குது. சத்தத்தக் கேட்டு அடி. அடியில இரும்பு ஒட்டியிருந்தா ணங்குங்கும், ஒட்டலீன்னா டொப்புங்கும். டொப்புன்னா நிறுத்திரு” என்றார். அதிலிருந்து பரு போக்கும்போது மட்டும், பெரியவர் பார்க்காத நேரத்தில், ஒரு காது மூடியைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறேன்.

இப்போது செய்வது கைக்கவசம். ‘கருப்பு இளவரசர்’ என்று பெயர் பெற்ற இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் 1376இல் இறந்தபோது கேன்டர்பரி தேவாலயத்தில் அவர் சமாதிக்கு மேல் தொங்கவிட்ட வகை. மணிக்கட்டில் ஒடுங்கி இரண்டு பக்கமும் விரியும், மணற்கடிகை மாதிரி. அவருடையது தங்க முலாம் பூசியது, என்னுடையது வெறும் இரும்பு. விரலுக்கு விரல் மீன் செதில் போல் துண்டுகளைத் தோல் பட்டையில் வைத்து ரிவிட் அடிக்க வேண்டும். இடது கை பிரமாதம். வலது கையில் கட்டை விரல் மடங்கவே இல்லை.

போன சனிக்கிழமை காரேஜிலிருந்தே அப்பாவைக் கூப்பிட்டு, போனைத் தண்டவாளத் துண்டில் சாய்த்து வைத்துக் காட்டினேன். “எல்லாத்தையும் இறுக்கி அடிச்சுப்போட்ட. மடங்கற எடத்துல நடுவுல ஒரு அட்டைத் துண்டு வெச்சு அடி, அடிச்சுப்போட்டு அட்டைய உருவீரு” என்றார். அது சரிதான். ரிவிட்டை அறுத்து எடுக்க அரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“காதுல அதென்ன மஞ்சளா மாட்டியிருக்கற?” என்றார்.

சொன்னேன்.

“என்னது?” என்றார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.