முதலில் அட்டை, அப்புறம் தோல்

வீட்டில் தோல் பர்ஸ் செய்து பழகுகிறவர்களே, கத்தியைத் தோலில் வைக்கும் முன் காலண்டர் அட்டையில் வெட்டிப் பாருங்கள். ஏடிஎம் கார்டின் அகலம் 85.6 மி.மீ. இரு ஓரமும் தையலுக்கு 3 மி.மீ. விட்டு, கார்டு வழுக்கி இறங்கக் கொஞ்சம் கூட்டினால் வெட்டும் துண்டின் அகலம் 95 மி.மீ. வரும்.

மடிப்பு பர்ஸில்தான் விஷயமே இருக்கிறது. வெளித்தோல் உள்தோலைச் சுற்றி வளைய வேண்டும். அதனால் அது சில மி.மீ. நீளமாக இருக்கணும். இரண்டையும் ஒரே அளவில் வெட்டினால் பர்ஸ் சரியாக மூடாது. எவ்வளவு கூட்டுவது என்பது தோலின் தடிமனைப் பொறுத்தது. துண்டுத் தோலை மடித்து அளப்பதே நல்லது.

சென்னையின் பெரியமேட்டுக்குத் தோல் வாங்கப் போகும்போது அந்த அட்டைகளையும் கொண்டுபோங்கள். கடையிலேயே தோல்மேல் பரப்பிப் பார்க்கலாம். வயிற்றுப் பகுதி இழுபடும், முதுகுப் பகுதிதான் வெளித்தோலுக்கு.