மண்ணடியில் தொடங்கி காசிமேட்டு அம்மி வரை: வட சென்னையில் ஒரு பெஸ்டோ நாள்

பெஸ்டோவுக்குப் பொருள் எங்கே வாங்கலாம் என்று கேட்டால் பலரும் தென் சென்னையின் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளைத்தான் சொல்வார்கள். நான் மண்ணடி மெட்ரோவில் இறங்கச் சொல்வேன். இத்தாலியில் ஜெனோவா ஒரு துறைமுக நகரம். அந்த ஊர்க்காரர்கள் கல்லில் இடித்துச் செய்யும் பச்சைத் துவையல்தான் பெஸ்டோ. பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, கல் உப்பு, இரண்டு வகைச் சீஸ், ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். இதில் பாதிக்கு மேல் நம் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலேயே கிடைக்கிறது. மிச்சத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

முதலில் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. காலையில் கடை திறக்கிற நேரத்திலேயே போய்விடுங்கள். கொஞ்சம் தாமதித்தால் மீன்பாடி வண்டியும் தள்ளுவண்டியும் மூட்டை தூக்குபவர்களும் "ஓரம், ஓரம்" என்று வரும்போது ஏதாவது கடைப்படியில் ஏறி நிற்க வேண்டியிருக்கும். மிளகு, ஏலக்காய், பாதாம், அத்தி என்று ஒவ்வொரு பத்தடிக்கும் மூக்குக்கு ஒரு புது வாசம். உலர்பழக் கடை ஒன்றில் ஏறி, "அண்ணா, சில்கோசா இருக்கா?" என்று கேட்டேன். அவர் ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து, தராசுக்குப் போகும் முன்பே ஒன்றை உரித்து என் கையில் வைத்தார்.

சில்கோசா என்பது இமாசலத்தின் கின்னௌர் பக்கமும் ஆப்கானிஸ்தானிலும் விளைகிற ஒரு பைன் மரத்தின் விதை. இத்தாலியர்கள் போடுகிற பைன் கொட்டை குட்டையாக இருக்கும். இது ஒல்லியாக, நீளமாக, பழுப்புத் தோலோடு இருக்கும். நகத்தால் நுனியில் அழுத்தினால் தோல் சட்டென்று விரிசல் விடும். உள்ளே வெண்ணெய் நிறத்தில் பருப்பு. கடித்தால் முதலில் பால் இனிப்பு, அப்புறம் தூரத்தில் லேசான மரப்பிசின் வாசனை. விலை அதிகம்தான், பாதாம் முந்திரியோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் ஒரு குடும்பத்துக்கான பெஸ்டோவுக்கு 30 கிராம் பருப்பு போதும். "முந்திரி போட்டாலும் நல்லாத்தாங்க இருக்கும்" என்றார் கடைக்காரர். அதில் தப்பில்லை, இத்தாலியில் பாட்டிலில் அடைத்து விற்கிற பெஸ்டோவிலேயே பல கம்பெனிகள் முந்திரி சேர்க்கின்றன. இருந்தாலும் ஒரு தடவையாவது சில்கோசாவில் செய்து பாருங்கள். முந்திரியில் இனிப்பு மட்டும் வரும், அந்தப் பிசின் வாசனை வராது.

அங்கிருந்து ராசப்ப செட்டி தெரு, நாட்டு மருந்துக் கடைகளுக்கு. பேசில் என்றதும் பலர் துளசியைப் பறிக்கிறார்கள். வேண்டாம். துளசி காரமாக, கிராம்பு வாசத்தோடு இருக்கும். அது இன்னொரு செடி. நமக்கு வேண்டியது திருநீற்றுப்பச்சிலை. அதன் விதைதான் கோடையில் ரோஸ் மில்க்கிலும் நன்னாரி சர்பத்திலும் ஊறி வழுவழுவென்று மிதக்கிற சப்ஜா. ஒரு பொட்டலம் வாங்கித் தொட்டியில் தூவினால் இலைக்குக் கவலையே இல்லை. ஆனால் ஜெனோவாவின் பேசிலைவிட நம்மூர்ச் செடியில் சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும். அதைத் தணிக்க ஒரே வழி, பூ விடுமுன் இளசாகப் பறிப்பது. ஜெனோவாவில் பிரா என்ற பகுதி பேசிலுக்குப் பேர் போனது. அங்கேயும் செடி சின்னதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள்.

இலை குறைவாக இருந்தால்? பூக்கடைப் பக்கம் பத்ரியன் தெருவில் கதம்பத்துக்குச் சேர்க்கிற மருவு கிடைத்தால் ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்ளுங்கள். 1860களில் ஜெனோவாவில் அச்சான ஒரு சமையல் புத்தகம், பேசில் இல்லாவிட்டால் மருவும் பார்ஸ்லியும் போடலாம் என்கிறது. டச்சுச் சீஸ் சேர்க்கச் சொல்கிறது, கொஞ்சம் வெண்ணெயும் கூட. துறைமுகத்தில் எது வந்து இறங்கியதோ அதை வைத்துச் செய்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பைப் படித்ததிலிருந்து, 'இது அசல் இல்லை' என்று யாராவது சொன்னால் நான் காதில் வாங்குவதில்லை.

சீஸ் விஷயத்தில் மட்டும் சவுகார்பேட்டையின் சைவ வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சைவம் அல்ல. பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைச் சேர்க்கிறார்கள். சைவர்கள் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, கெட்டியான வேறு சீஸ் வாங்கலாம். எண்ணெய் ஆலிவ்தான், அதுவும் கசப்பு இல்லாததாக. நல்லெண்ணெய் எனக்கு உயிர், ஆனால் இதில் ஊற்றினால் இலை வாசம் தெரியவே தெரியாது.

ஷேர் ஆட்டோவில் காசிமேடு கிளம்பினேன். வழியில் 1856இல் ரயில் ஓடத் தொடங்கிய ராயபுரம் ஸ்டேஷன் வந்தது. அதற்குத் தனியாக ஒரு பதிவு போட வேண்டும், இப்போது பசிக்கிறது.

காசிமேட்டில் என் தோழியின் அம்மா வீடு. மொட்டை மாடியில் பெயின்ட் டப்பாக்களில் கற்பூரவல்லி, தூதுவளை, அதோடு இடுப்பளவு வளர்ந்த திருநீற்றுப்பச்சிலை. கொழுந்தாகக் கிள்ளிக் கழுவி, துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்தோம். நான் மிக்ஸியைத் தேடுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு, அம்மி எதுக்குக் கீது?" என்றார் தோழியின் அம்மா.

அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. மிக்ஸியின் பிளேடு வேகமாகச் சுற்றும்போது சூடாகும். வெட்டுப்பட்ட இலையில் காற்றும் பட்டால், வாழைக்காயைக் கறுக்க வைக்கிற அதே வேலை இங்கேயும் நடந்து பெஸ்டோ கறுத்துவிடும். கல் மெதுவாக நசுக்கும், சூடாகாது. ஜெனோவாவில் சலவைக்கல் உரலும் மர உலக்கையும் வைத்து இடிக்கிறார்கள். 2007 முதல் அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உலகப் போட்டியே நடக்கிறது, நூறு பேர் உட்கார்ந்து கையால் இடிப்பார்கள். அந்த வரிசையில் இந்த அம்மாவை உட்கார வைத்தால் பரிசோடு வருவார் என்று மனதாரச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு பல் பூண்டும் கல் உப்பும். மசிந்ததும் சில்கோசா. அப்புறம் 60 கிராம் இலையைக் கொஞ்சம் கொஞ்சமாக. உப்பின் சொரசொரப்பு இலையைப் பிடித்துக்கொள்ளும், குழவி வழுக்காது. முதல் இழுப்பில் இலை கரும்பச்சையாகக் கசங்கியது. நாலாவது ஐந்தாவது இழுப்பில் பருப்பின் பால் கலந்து, கிளிப்பச்சையில் குழைந்து குழவியில் ஒட்டியது. அம்மா விரலால் வழித்து நடுவே தள்ளித் தள்ளி அரைத்தார். தண்ணீர் ஒரு சொட்டுத் தெளிக்கவில்லை. துவையல் பழக்கத்தில் கை தானாகத் தண்ணீருக்குப் போகும், அதை மட்டும் தடுத்துக்கொள்ள வேண்டும். விழுதைக் கிண்ணத்துக்கு மாற்றி, துருவிய சீஸ் 60 கிராமையும் எண்ணெய் 70 மில்லியையும் சேர்த்துக் கலக்கினோம். கீழ்வீட்டிலிருந்து "இன்னா வாசனை அது?" என்று குரல் வந்தது.

ஜெனோவா முறையில் பாஸ்தா வேகும் தண்ணீரிலேயே உருளைக்கிழங்குத் துண்டுகளையும் பீன்ஸையும் போடுவார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். வடித்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு பெஸ்டோவைத் தளர்த்தி, அடுப்பை அணைத்த பிறகு கலக்கினோம். பெஸ்டோவை அடுப்பில் ஏற்றவே கூடாது, வாசனை ஆவியாகப் போய்விடும்.

ஆனால் அன்றைய விருந்து பாஸ்தா இல்லை, சங்கரா மீன். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14இல் முடிந்து படகுகள் நிறைய வந்துகொண்டிருந்த நேரம். அம்மா மிளகாய்த்தூள் எதுவும் தடவாமல் உப்பும் எலுமிச்சையும் மட்டும் பூசித் தோசைக்கல்லில் போட்டு எடுத்தார். மொறுமொறுத்த தோலைப் பிட்டு, சூடான சதைமேல் ஒரு ஸ்பூன் பச்சை விழுதை வைத்தால் எண்ணெய் உருகி உள்ளே இறங்குகிறது. பூண்டின் காரம் முதலில் நாக்கில் ஏறும், பின்னாலேயே சீஸின் உப்பும் மீனின் இனிப்பும் வரும். பாஸ்தாவை மரியாதைக்குச் சாப்பிட்டவர்கள்கூட மீனுக்கு இரண்டாவது முறை தட்டை நீட்டினார்கள்.

மீந்ததைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மேலே ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் ஊற்றி ஃபிரிஜ்ஜில் வையுங்கள். பச்சைப் பூண்டு இருப்பதால் வெளியே வைக்கவே கூடாது, சில நாளில் தீர்த்துவிட வேண்டும். அதிகம் இருந்தால் ஐஸ் டிரேயில் உறைய வைக்கலாம். நாங்கள் பாட்டிலை மூடுவதற்குள் அம்மா ஒரு கிண்ணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார், மறுநாள் காலை தோசைக்கு.