ரெண்டு பக்கமும் ரெண்டு

ஜூலை 20, 2025, ஞாயிறு

ஆடியில் வீடு பார்க்கக் கிளம்பியதற்கு அம்மா இன்னும் முணுமுணுக்கிறாள். புரோக்கருக்கு இது ஈ ஓட்டுகிற மாதம். ஒரே காலையில் சேலையூரில் மூன்று ஃப்ளாட் காட்டிவிட்டார். கமிஷன் 2 சதவீதம். ஓனரிடமும் 2.

"அப்போ நீங்க யார் ஆளு?"

"வீட்டோட ஆளு சார்."

மூன்றாவது பிடித்தது. 1,050 சதுர அடி என்றார். லிஃப்ட், படிக்கட்டு எல்லாம் சேர்த்த கணக்கு. உள்ளே 800 இருந்தால் அதிகம். அம்மா கைப்பையிலிருந்து சோப்பு வில்லையை எடுத்து கிச்சன் குழாயில் கை கழுவினாள். தேய்க்கத் தேய்க்க நுரையே வரவில்லை. உப்புத் தண்ணீர். 68 லட்சத்தில் நின்ற புரோக்கர் 66க்கு இறங்கினார்.

ஆகஸ்ட் 2, சனி

புரோக்கர் கொடுத்த வில்லங்கச் சான்று, அதாவது வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல், 2012இல் தொடங்குகிறது. அதென்ன 2012? ராத்திரி உட்கார்ந்து பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் போட்டுப் பார்த்தேன். 2009இல் வங்கியில் பத்திரம் அடமானம் வைத்த பதிவு அப்படியே நிற்கிறது. கடன் தீர்ந்த ரசீது பதிவாகவே இல்லை.

"எப்பவோ கட்டி முடிச்சாச்சு சார், பேப்பர்லதான் நிக்குது."

பேப்பரைத்தானே ஐயா காசு கொடுத்து வாங்குகிறோம்! டோக்கன் அட்வான்ஸ் கிடையாது என்று கத்திவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

கத்தியது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஓனர் எழுபதைத் தாண்டியவர். அவரை ஸ்கூட்டரில் உட்கார வைத்து வங்கிக்கும் பதிவு ஆபீசுக்கும் அலைந்து ரசீதைப் பதிவு செய்து, புதுச் சான்றை வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் புரோக்கர்தான்.

விலையும் 63இல் முடிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: எனக்கு மிச்சம் 3 லட்சம், அவருக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து நஷ்டம் 12,000. பேரம் படியணும், அவ்வளவுதான் அவருக்கு. விலை எங்கள் கவலை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ராகு காலத்துக்கு முன்னால், பத்தரைக்குள் கைரேகை வைத்தாயிற்று. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, ஆக 5,67,000 ரூபாய். 50 லட்சத்துக்கு மேல் என்பதால் ஓனருக்குத் தரும் தொகையில் 1 சதவீதம் வருமான வரியாக (டிடிஎஸ்) பிடித்துக் கட்டியது தனி.

கமிஷனை ஒன்றரைக்குக் குறைத்தேன். 94,500. வாங்கி எண்ணிச் சட்டைப்பைக்குள் வைத்தவர் நகரவில்லை.

"இப்ப இருக்கிற வாடகை வீடு எப்ப சார் காலியாகுது? அந்த ஓனர் நம்பர் கொஞ்சம் குடுங்க."