ஷன்ட் ரெகுலேட்டர் கட்டினேன்: மூன்று வாரமும் ஒரு கருப்பு வயரும்

என் ரெக்கார்டு பிளேயருக்கு நானே கட்டிய ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசி தரும் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் சர்க்யூட்) ஒன்று இருக்கிறது. முழுக்க டிரான்சிஸ்டர்கள், ஒற்றை 24 வோல்ட் சப்ளை, சுமார் 30 மில்லிஆம்பியர் எடுக்கும். ஊசியைத் தூக்கிவைத்துவிட்டு வால்யூமை முக்கால்வாசி திருகினால் பின்னால் ஒரு "ர்ர்ர்". கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ் "ம்ம்ம்" இல்லை. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பிறகு வருகிற 100 ஹெர்ட்ஸ். பழியை உள்ளே இருந்த, வோல்டேஜை 24-இல் நிறுத்தி வைக்கும் 7824 ரெகுலேட்டர் மேல் போட்டேன். அதை எடுத்துவிட்டு ஷன்ட் ரெகுலேட்டர் கட்டுவது என்று முடிவு.

ஷன்ட் என்றால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள். ஏரியை வைத்துத்தான் சொன்னேன். 7824 மாதிரியான சீரீஸ் ரெகுலேட்டர் மதகு போல: வயல் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு திறக்கும். ஷன்ட், கலங்கல் போல. வாய்க்காலில் தண்ணீர் ஒரே அளவில் வந்துகொண்டே இருக்கும், வயலுக்குப் போனது போக மிச்சம் கலங்கலில் வழியும், நீர்மட்டம் மட்டும் மாறாது. ப்ரீஆம்ப் இழுக்கும் கரன்ட் ஏறி இறங்கினாலும் அந்த ஆட்டம் டிரான்ஸ்ஃபார்மர் வரை போகாது, ஷன்ட்டுக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவிலேயே சுற்றிக்கொள்ளும். அதுதான் ஆடியோக்காரர்களுக்கு இதன் மேல் உள்ள மோகம். வழிந்து வீணாகிற கரன்ட் எல்லாம் சூடாகப் போகும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

வாய்க்காலுக்கு ஒரு எல்எம்317 ரெகுலேட்டர் சில்லு. இதை வோல்டேஜ் ரெகுலேட்டராக இல்லாமல் நிலையான கரன்ட் தரும்படி மாட்டலாம்: அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் 12 ஓம் ரெசிஸ்டர், அட்ஜஸ்ட் பக்கமே வெளியே போகும் லைன். 1.25-ஐ 12-ஆல் வகுத்தால் 104 மில்லிஆம்பியர். கலங்கலுக்கு வோல்டேஜைக் கண்காணிக்கும் டிஎல்431 சில்லும், அதற்குத் தோள் கொடுக்க ஒரு டிஐபி42சி டிரான்சிஸ்டரும். டிஎல்431 ஒப்பிட்டுப் பார்க்கும் ரெஃபரன்ஸ் 2.495 வோல்ட். அவுட்புட்டைப் பங்கிட்டு அதற்குக் காட்ட, மேலே 8.2 கிலோஓமும் 390 ஓமும் சேர்த்து, கீழே 1 கிலோஓம் வைத்தால் 23.9 வோல்ட் வருகிறது. போதும். டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் 220 ஓம், டிஎல்431-க்குக் குறைந்தபட்சத் தீனி கிடைப்பதற்காக.

சாமான்கள் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே மதியத்தில் கிடைத்தன. டிரான்ஸ்ஃபார்மர் 0-24, 1 ஆம்பியர். லோடு இல்லாமல் மீட்டர் வைத்துப் பார்த்தால் 27 வோல்ட் ஏசி. ஃபில்டர் செய்தபின் கிட்டத்தட்ட 37 வோல்ட் டிசி ஆகிவிடும். எல்எம்317-இன் இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே 40 வோல்ட்தான் எல்லை, அதனால் ஸ்விட்ச் போடுகிற நொடியில் கொஞ்சம் ஒட்டிய கணக்கு. 35 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்கியிருந்தால் அதன் எல்லையைத் தாண்டியிருக்கும். நல்லவேளை, 2200 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் வாங்கியிருந்தேன்.

முதல் தடவை சீரீஸ் லாம்ப், அதாவது மெயின்ஸ் லைனில் தொடராக ஒரு பல்பு, போட்டுத்தான் ஆன் செய்தேன். 60 வாட் குண்டு பல்பு ஒரு மின்னு மின்னிவிட்டு அணைய வேண்டும். இது மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. எங்கேயோ ஷார்ட். காரணம் அசட்டுத்தனம்: எல்எம்317-ஐயும் டிஐபி42சி-யையும் ஒரே ஹீட்சிங்க்கில், நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு இல்லாமல் முடுக்கியிருந்தேன். முன்னதின் உலோக முதுகு அவுட்புட், பின்னதின் முதுகு கலெக்டர், அதாவது இங்கே கிரவுண்டு. இரண்டையும் ஹீட்சிங்க் அழகாக இணைத்து வைத்திருந்தது. மைக்காவும் ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் போட்டதும் பல்பு அணைந்தது. எதுவும் சாகவில்லை. அந்தப் பல்புக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் ப்ரீஆம்புக்குப் பதில் 820 ஓம் 2 வாட் ரெசிஸ்டரை லோடாக மாட்டினேன். 23.9 வரவில்லை, 23.2 வந்தது. வயரில் விரலை வைத்தால் மீட்டர் ஆடியது. நிலையாக இருக்க வேண்டியது விரலுக்கு ஆடினால் சர்க்யூட் தானாகவே பாடுகிறது, அதாவது ஆசிலேஷன் என்று அர்த்தம். என் மீட்டரின் ஏசி ரேஞ்ச் ஒன்றும் காட்டவில்லை. அவ்வளவு வேகமான அலை அதற்கு எட்டாது. பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில் வைத்துப் பக்கத்தில் கொண்டுபோனேன். உஸ் என்று கத்தியது. சப்ளையை நிறுத்தினால் அமைதி. பிறகு அலையைத் திரையில் காட்டும் நண்பரின் ஸ்கோப்பில் பார்த்தபோது 300 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் அரை வோல்ட் உயரத்தில் ஒரு அலை.

ஒரு ராத்திரி முழுக்க டிரான்சிஸ்டரைச் சந்தேகப்பட்டு மாற்றிப் பார்த்தேன், பிரயோஜனமில்லை. குற்றவாளி, அவுட்புட்டில் நான் பெருமையாக வாங்கி வைத்த 1 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர். பலகையில் இருந்ததிலேயே விலை அதிகமான சாமான். டிஎல்431-இன் டேட்டாஷீட்டில் இதற்கென்றே ஒரு வரைபடம் உண்டு: அவுட்புட்டில் மிகச் சிறிய கெப்பாசிட்டர் இருந்தால் பரவாயில்லை, பெரியது இருந்தாலும் பரவாயில்லை, நடுவில் ஒரு பகுதியில் ஆசிலேட் ஆகும். நான் சரியாக அந்த நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கெப்பாசிட்டரோடு 1 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்தேன். அலை குறைந்தது, நிற்கவில்லை. கழற்றிவிட்டுச் சாதாரண 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் வைத்ததும் ரேடியோ வாயை மூடிக்கொண்டது. மீட்டரில் 23.9. எலக்ட்ரோலிட்டிக்கின் உள்ளேயே கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் உண்டு, ஆடியோக்காரர்கள் திட்டுவதும் அதைத்தான். இங்கே காப்பாற்றியது அதுவே.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. லோடைக் கழற்றினால் ஹீட்சிங்க் இன்னும் சூடாகும். 104 மில்லிஆம்பியரும் டிஐபி42சி வழியாகவே வழிய வேண்டும், கிட்டத்தட்ட 2.5 வாட். ப்ரீஆம்பை மாட்டினால் 1.8 வாட்டுக்கு இறங்கும். சும்மா இருக்கும்போது கூடுதலாகச் சுடுகிற சாதனம் என்பதால் சோதனை எல்லாம் லோடு இல்லாமலும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன்.

சரி, மாட்டினேன். ஊசியைத் தூக்கி, வால்யூமைத் திருகினேன். அதே "ர்ர்ர்".

அன்றைக்குச் சால்டரிங் இரும்பை ஆஃப் செய்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் மீட்டரின் ஏசி மில்லிவோல்ட் ரேஞ்சில் ரெகுலேட்டர் பலகையில் அளந்தேன்: பூஜ்ஜியம். ப்ரீஆம்ப் பலகையில் அளந்தேன்: 4 மில்லிவோல்ட். நடுவில் இருப்பது இரண்டே வயர்கள். சிவப்பு வயர் ரெகுலேட்டரிலிருந்து வருகிறது. கருப்பு வயர், 7824 காலத்திலிருந்து இருந்தபடியே, பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் நெகட்டிவில் நிற்கிறது! பிரிட்ஜுக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டருக்கும் நடுவில் நொடிக்கு 100 தடவை சார்ஜிங் கரன்ட் குத்துக் குத்தாகப் பாயும். அந்த ஒரு சாண் வயரில் விழுகிற சில மில்லிவோல்ட் நேராக ப்ரீஆம்பின் கிரவுண்டில் ஏறுகிறது. ரெகுலேட்டர் எத்தனை நல்லதாக இருந்தாலும் அதற்கு வெளியே நடப்பதை அதனால் என்ன செய்ய முடியும்?

கருப்பு வயரைக் கழற்றி டிஎல்431-இன் ஆனோடு கால் கிரவுண்டில் சேரும் இடத்தில் வைத்துச் சால்டர் செய்தேன். ஐந்து நிமிட வேலை. "ர்ர்ர்" போய்விட்டது.

மனசாட்சி உறுத்தியது. பழைய 7824-ஐ எடுத்து, கருப்பு வயரைச் சரியான இடத்தில் வைத்து மாட்டிப் பார்த்தேன். அதிலும் "ர்ர்ர்" இல்லை. வால்யூமை முழுக்கத் திருகி ஸ்பீக்கரில் காதை வைத்தால் ஷன்ட்டில் இரைச்சல் ஒரு மாற்றுக் குறைவு. ரெக்கார்டு ஓடத் தொடங்கினால் அதன் சரசரப்பில் அந்த வித்தியாசமும் காணாமல் போகிறது.

இருந்தாலும் 7824 டப்பாவுக்குள் போய்விட்டது. மூன்று வாரம் மாரடித்துக் கட்டியதைக் கழற்ற மனசு வரவில்லை.