ஜன்னலுக்கு வரும் காக்கையில் தொடங்குங்கள்

நாலைந்து வயதுப் பிள்ளைக்குப் பறவைகளைப் பழக்க நினைக்கும் பலர், பென்குயின் படத்தையோ நெருப்புக்கோழி படத்தையோ அச்செடுத்து வண்ணம் தீட்டக் கொடுக்கிறார்கள். பிள்ளை நேரில் பார்க்க வாய்ப்பில்லாத பறவைகள் அவை. தீட்டிய தாள் பரணுக்குப் போகும், அதோடு பாடமும் போய்விடும். சமையலறை ஜன்னலுக்கு வரும் காக்கையோ தினமும் வரும், ஆள் நின்றால் பறந்து ஓடாது, பிள்ளை நிதானமாகப் பார்க்கிற அளவுக்குப் பெரியது. முதல் பாடத்தை அதனிடமே தொடங்கலாம்.

பார்க்கும் இடத்தையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். காலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள் பறவை நடமாட்டம் அதிகம். நாலு வயதுக்கு ஐந்து நிமிடம் போதும், ஆறு வயதுக்குப் பத்து. ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி. 'காக்கையின் கழுத்து என்ன நிறம்?' என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் கறுப்பு என்றுதான் சொல்லும். பிறகு பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் வீட்டுக்காக்கை. உடம்பு முழுக்கக் கறுப்பாக, அலகும் தடிமனாக இருந்தால் அண்டங்காக்கை. தெரிந்ததாக நினைத்த ஒன்றில் தெரியாதது இருக்கிறது என்று பிள்ளை கண்டுகொள்ளும் இடம் இது, அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். மறுநாள் மைனாவின் கண்ணைச் சுற்றி என்ன நிறம், அதற்கடுத்த நாள் எந்தச் சிட்டுக்குருவிக்குத் தொண்டையில் கறுப்பு (அது ஆண்) என்று போகலாம்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடிப்பது கால்தடம். அகலமான அட்டையிலோ பழைய பிளாஸ்டிக் தட்டிலோ மாவு சல்லடையில் சலித்த மணலை அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, கையால் தண்ணீர் தெளித்து, ஸ்கேலால் சமன் செய்யுங்கள். நடுவில் ஒரு பிடி கம்பு அல்லது அரிசி. மாடிச் சுவரை ஒட்டி வைத்துவிட்டு அரைமணி நேரம் விலகி இருங்கள். மணல் காய்ந்திருந்தால் தடம் நிற்காது, கனமாகப் பரப்பினால் கால் புதைந்து உருவம் கலையும். எவர்சில்வர் தட்டின் பளபளப்பு பறவைகளை மிரட்டும். அரிசி மாவில் செய்யலாமே என்று தோன்றும், ஆனால் பத்து நிமிடத்தில் எறும்பு வந்துவிடும். கல்மாவுக் கோலப்பொடி வேண்டவே வேண்டாம், தூசி மூக்கில் ஏறும்.

தடம் பதிந்ததும் பிள்ளையிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். விரல்கள் எப்படி இருக்கின்றன? முன்னே மூன்று, பின்னே ஒன்று. கிளி, குயில், செம்போத்து, மரங்கொத்தி இவற்றுக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு. பிள்ளை தன் விரல்களாலேயே இரண்டு வகையையும் மணலில் பதித்துப் பார்க்கட்டும். அடுத்தது, தடங்கள் ஜோடி ஜோடியாக விழுந்திருக்கின்றனவா, ஒன்று மாற்றி ஒன்றா? சிட்டுக்குருவி தத்தும், அதனால் ஜோடி. மைனாவும் புறாவும் நடக்கும். காக்கை நடக்கும், அவசரமென்றால் தத்தவும் செய்யும்.

எண்ணிக்கைக்குப் பாட்டில் மூடிகளைச் சேர்த்து வையுங்கள். தரையில் பறவை வகைக்கு ஒரு வரிசை, பார்த்த ஒவ்வொரு பறவைக்கும் ஒரு மூடி. எந்த வரிசை நீளம் என்பதைக் கண்ணே சொல்லிவிடும். புளியங்கொட்டை, அவரைக்கொட்டை என்று கலந்து வைத்தால் பெரிய கொட்டை வரிசையே நீளமாகத் தெரியும், கணக்கு தப்பும். இன்னொரு சிக்கல், போய்ப்போய் வரும் ஒரே காக்கையைப் பிள்ளை ஏழு காக்கையாக எண்ணிவிடும். 'ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை பார்த்தாய்' என்பதை மட்டும் எண்ணச் சொன்னால் இது தீரும். கொஞ்சம் கை பழகியதும், பொங்கலையொட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம். பதினைந்து நிமிடம் பார்த்ததைப் பெரியவர், பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இணையதளமான இபேர்டில் (eBird) ஏற்றிவிட்டால் ஆயிற்று.

மார்ச் முதல் குயில் விடாமல் கூவும். அப்போது ஒரு தாளும் கிரயானும் கொடுத்து, சத்தத்தைக் கோடாக வரையச் சொல்லுங்கள். ஆண்குயிலின் கூவல் ஒவ்வொரு முறையும் சுருதி ஏறிக்கொண்டே போகும், கோடு படிக்கட்டாக வரும். செம்போத்தின் 'ஊப் ஊப்' தாழ்ந்த மேடுகளாக வரும். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருப்பது பெண்குயில். அதை வேறு பறவை என்றே பல பெரியவர்களும் நினைக்கிறார்கள். அது காக்கைக் கூட்டில் முட்டையிடுவதால்தான் காக்கை குயிலைத் துரத்துகிறது என்று சொன்னால், பிள்ளை அடுத்த நாள் தானாகவே ஜன்னலுக்கு வரும்.

அலகு விளையாட்டுக்கு மூன்று கிண்ணம்: கடலை, மண்ணில் பாதி புதைத்த ரப்பர் பேண்டு, குறுகிய வாய் பாட்டிலில் தண்ணீர். கருவி மூன்று: துணி கிளிப், முனை மழுங்கிய சாமணம், மருந்துக்கு வரும் டிராப்பர். கிளிப் தானியம் கொறிக்கும் குருவி, சாமணம் புழு தேடும் மைனா, டிராப்பர் தேன்சிட்டு. கிண்ணத்துக்கு முப்பது விநாடி, ஒரு சுற்று முடியும்வரை ஒரே கருவி. கருவியை நடுவில் மாற்றவிட்டால் எது எதற்குப் பொருந்தும் என்பதே புரியாமல் போகும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கடலையும் ரப்பர் பேண்டும் கூடாது, வாயில் போட்டுக்கொள்ளும்.

தையல்சிட்டு இலையின் ஓரங்களில் துளையிட்டு, சிலந்தி நூலாலும் பஞ்சு நாராலும் இழுத்துக் கோத்துக் கூடு கட்டும். இதைச் செய்துபார்க்கப் பூவரசு இலை நல்லது. அன்று பறித்த, விரிந்த இலையாக இருக்கட்டும். காய்ந்தது உடையும், வாழையிலை நரம்போடு கிழியும். ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளிப் பஞ்ச் மெஷினால் துளை போடுங்கள், ஓரத்தை ஒட்டிப் போட்டால் பிய்ந்துவிடும். நுனியில் செலோடேப் சுற்றிய ஷூ கயிறே ஊசி. கூம்பானதும் உள்ளே கொஞ்சம் இலவம்பஞ்சு. மரத்தில் இருக்கும் நிஜக் கூட்டை மட்டும் தொடக்கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது.

தண்ணீர்ச் சட்டி மண்ணால் ஆனதாக, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழமில்லாததாக, நடுவில் ஒரு கல்லோடு இருக்கட்டும். தண்ணீரைத் தினமும் கொட்டி மாற்றுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை தேங்காய் நாரால் தேயுங்கள். விட்டால் கொசுப்புழு வைக்கும். உப்புப் போட்ட மிக்சர், பிஸ்கட் வேண்டாம். சோறு வைத்தால் வெயில் ஏறுமுன் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். சட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் விளையாட்டில் ஒரு பகுதி. புதுச் சட்டிக்கு ஒரு வாரம்வரை ஒரு பறவையும் வராமல் இருக்கலாம். பிள்ளை பொறுமையிழந்து இடத்தை மாற்றச் சொல்லும். மாற்றினால் பறவைகள் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும், வைத்த இடத்திலேயே விடுங்கள்.